பிளேஸ்டோ போகும் இரவுப் பேருந்து

லண்டனில் இரவு ஒன்றரை மணி. பிளேஸ்டோ போகும் பேருந்தின் மேல்தளத்தில் நான் ஒருத்திதான். பயத்தை மறக்க, சென்னையிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய நாவலின் தமிழாக்கத்தைத் திறக்கிறேன். டோக்கியோவில் தனியாக வாழும் பெண்ணின் கதவை நள்ளிரவில் யாரோ தட்டுகிறார்கள்.

ஒருவன் படியேறி வருகிறான். அத்தனை இருக்கைகளும் காலியாக இருக்க, சரியாக என் பின்னால் உட்காருகிறான். ஈர ஜாக்கெட்டின் வாடை. அவன் மூச்சு என் தோளில் படுகிறது. இரண்டு நிறுத்தங்கள் போகின்றன. ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. படிப்பதுபோல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

“திருப்பாதேங்கோ அக்கா.”

திரும்பிப் பார்க்கிறேன். காவலாளிச் சீருடை, சிவந்த கண்கள்.

“குறை நினையாதேங்கோ. ஏறேக்க தமிழ் எழுத்தைக் கண்டிட்டன். ஷிப்ட் முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. உங்கட வேகத்துக்கு வாசிக்க ஏலாமக் கிடக்கு.”

“நீங்க எங்க இறங்கணும்?”

“என்ர நிறுத்தம் அப்பவே தாண்டிப் போட்டுது. அவ கதவைத் திறந்தவவோ?”

எனக்கும் தெரியாது. என் நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்கிறது. பொத்தானை அழுத்தாமல், கதவு தட்டப்படும் பக்கத்தைத் தேடி எடுத்து, புத்தகத்தை அவர் பக்கமாகச் சாய்க்கிறேன்.