கால் ஊன்றக் கூடாத ஏரி

அந்த மூங்கில் கோல் இன்னும் எங்கள் வீட்டு மூலையில்தான் சாய்ந்து நிற்கிறது. ஒரு முனையில் வலைநூல் சுற்றிய தடம். அந்த இடத்தில்தான் மாமா, என் அம்மாவின் அண்ணன், கஞ்சி பாட்டிலைக் கட்டிப் படகிலிருந்து எனக்கு நீட்டுவார். படகைத் தொட்டால் நீச்சல் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீந்தும்போது ஏரியின் அடித்தரையில் கால் ஊன்றினாலும் அப்படித்தான்.

சுண்ணாம்புக்குளம் பக்கம் இறங்கி, மூன்று நாள் நீந்திப் பழவேற்காட்டில் ஏற வேண்டும். இரவில் மட்டும் கரையில் படுக்கலாம். முடித்துக் காட்டினால் சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம், பின்னால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஊரைவிட்டுப் போக எனக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் ஏரி என்ன ஆழமா? பாதி இடத்தில் இடுப்பளவுதான். நிற்க முடிகிற தண்ணீரில் நிற்காமல் போவது இருக்கிறதே, அது சித்திரவதை. தண்ணீருக்குள் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, நடந்தே போய்விடலாமே என்று சிரித்தார்கள். உப்பில் நாக்கு வெடித்தது. அக்குள் உரசி உரசிப் புண்ணானது. இரண்டாம் நாள் கெண்டைக்கால் பிடித்து இழுத்தபோது வாய்விட்டு அழுதேன். மாமா கோலை நீட்டிக்கொண்டே, "கால மட்டும் ஊனிடாதடி கண்ணு" என்றார். அந்தக் குரலை நம்பித்தான் மூன்றாம் நாளும் இறங்கினேன்.

ஊன்றவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் படகுக்காரர்தான் சாட்சி. நான் கரையேறிக் குப்புற விழுந்து கிடந்தபோது நடுவர் மாமாவிடம் கேட்டார். மாமா என்னைப் பார்க்காமல், "ரெண்டு எட்டு நடந்துச்சுங்க" என்றார். அவ்வளவுதான், என் பெயரை அடித்துவிட்டார்கள். கத்தினேன். அண்ணன் பொய் சொல்லாது என்று அம்மாவே என் வாயை அடைத்தாள். அன்று சாயங்காலம் வலையை உதறிக்கொண்டே மாமா சாதாரணமாகச் சொன்னார்: "நீ போய்ட்டின்னா திரும்பி வரமாட்ட. எம் புள்ளைக்கு யாரு இருக்கா?"

அடுத்த தை மாதமே அவர் மகனுக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். கணவர் ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதர். அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் மாமாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போனது. அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் விளங்கும். காலை ஊன்றி நின்றுவிட்டால் படகில் ஏற்றி ஏரிக்குக் கூட்டிப் போவதாக மகன் சொல்லிவைத்திருக்கிறார். அந்த ஆசையில்தான் மனிதருக்கு உயிர் ஓடுகிறது. பகலெல்லாம் அவரும் நானும்தான். கஞ்சி ஊட்டுகிறேன், துடைத்துவிடுகிறேன். ஒரு வேளை தவறியதில்லை.

நேற்று அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உடம்பெல்லாம் நடுங்கியது. இடது பாதம் சிமெண்டுத் தரையில் முழுசாகப் பதிந்தது. நின்றார். வாய் கோணிக்கொண்டு, பாத்தியா பாத்தியா என்று குழந்தை மாதிரி சிரித்தார். நான் அவரைப் படுக்க வைத்துவிட்டு, கோலை வாங்கி மூலையில் சாத்தினேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் வழக்கம்போல அப்பாவைப் பற்றிக் கேட்டார்: "நைனா இன்னிக்கி கால ஊனுச்சா?"

மாமா கட்டிலிலிருந்து துடித்துத் துடித்துக் குழறினார். கண்ணில் தண்ணீர். கணவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்லுது?"

"தண்ணி கேக்குது. இன்னிக்கும் ஊனல" என்றேன், மாமாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே.