கேஸ் என்று சொல்லி வைத்தேன்

போன வருடம் ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் நடந்தது இது. நான் பிள்ளைப்பாக்கத்தில் மகளோடு இருக்கிறேன். அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்கிறாள். அவளுடைய இன்சூரன்ஸ் கார்டில் என் பெயரையும் சேர்த்திருக்கிறாள்.

அப்போது மூன்று மாதமாக எனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். மகள் கேட்டபோதெல்லாம் வயிற்றில் கேஸ் என்று சொல்லி வைத்தேன். தெருமுனை கிளினிக்கிலும் அதையேதான் சொன்னேன். அங்கே கொடுத்த மாத்திரை கேட்கவில்லை, உடம்பும் இளைத்துப்போனது. குடல் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

மகளுக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். காலையிலேயே போனில் கார்டு எடுக்கும் ஆஸ்பத்திரிகளின் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டு என்னை அழைத்துப் போனாள். முதல் ஆஸ்பத்திரியில் கார்டு எடுப்பார்கள், ஆனால் குடல் டாக்டர் செவ்வாயும் சனியும்தான் வருவாராம். இரண்டாவதில் டாக்டர் இருந்தார், கார்டு எடுக்கவில்லை.

"லிஸ்ட்ல கீதே" என்று மகள் போனை நீட்டினாள்.

"அது பழைய லிஸ்ட் மேடம்."

மூன்றாவது இடத்தில் இரண்டும் இருந்தது. கவுன்டரில் இருந்த பெண், "பாட்டிக்கு என்ன கம்ப்ளெயின்ட்?" என்று உரக்கக் கேட்டாள். எனக்குப் பின்னால் நான்கைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள்.

"கேஸ்" என்றேன்.

"வெறும் கேஸுன்னா கார்டு செல்லாதுங்க. டாக்டர் பெரிய டெஸ்ட்டு ஏதாவது எழுதினாத்தான் அப்ளை பண்ண முடியும்."

மகள் என்னைப் பார்த்தாள். "இதுக்காம்மா மூணு ஆஸ்பத்திரி அலைஞ்சோம்? வேற ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்று தலையாட்டினேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டோக்கனை என் கையில் கொடுத்து, எந்த ஷேர் ஆட்டோவில் திரும்ப வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஓடினாள்.

என் பக்கத்து நாற்காலியில் கேன்டீன் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாண்டி, ரத்தமாத்தான் போவுது. டியூபு உட்டுப் பாக்கணும்னாரு." சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எதிரே இருந்த ஆண்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. நான்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

போனை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னா ஆயா, உனுக்கும் அதானா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"வூட்ல சொன்னியா?"

"இல்ல. கேஸுன்னு சொல்லிட்டேன். கவுன்டர்லயும்."

சிரித்துவிட்டாள். "நல்லா சொன்ன போ. உள்ள போயும் அதையே சொல்லு, மாத்திரை குடுத்து அனுப்பிடுவாரு. வாயில வரலன்னா எழுதிக் குடேன். எழுத வரும்ல?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

"இதுக்கு அது போதும்" என்று பேனாவை நீட்டினாள்.

பழைய மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினேன். 'மூனு மாசமா வெளிக்கி போனா றத்தம் வருது. மகளுக்கு தெரியாது.'

டாக்டர் அதைப் படித்தார். எதையும் சத்தமாகக் கேட்கவில்லை. பரிசோதனைக்கு எழுதிவிட்டு, மகளின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் சதை வளர்ந்திருந்தது. அப்போதே எடுத்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் புற்றாக மாறியிருக்கலாம் என்றார் டாக்டர். கார்டும் செல்லுபடியானது. டாக்டர் போனில் சொன்னதும் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பக்கத்துலயே படுத்துக்கினு கீறோம். எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றாள்.

எத்தனை நாளாக இந்தத் தொந்தரவு என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் என் சீட்டையே நகல் எடுத்து அனுப்பினார்களாம். பெற்ற மகளிடம் சொல்லக் கூசியதை, எங்கோ ஓர் ஆபீசில் முகம் தெரியாதவர்கள் எழுத்துப் பிழையோடு படித்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இப்போதெல்லாம் மகள் உடம்பைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் வரவில்லை, பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்கிறேன்.