ஜெனரல் திரும்பிப் போகாத ஊர்

சர்க்கரை நோயில் சம்மாட்டிக்குக் கண் போனபோது அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேடினார்கள். மகன் துபாயில் இருந்தார். மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை. நான் மங்களூரில் மீன்தூள் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு பிசகியது. அந்த வேலையும் போனது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் தட்டாமல் வாசிப்பேன். அதற்காகத்தான் என்னை வைத்துக்கொண்டார்கள்.

சம்மாட்டி என்றால் எங்கள் கடற்கரையில் படகு முதலாளி. இவர் தருவைகுளத்தில் சங்கு குளிக்கும் படகுகளை வைத்திருந்தவர். பிறகு சங்கத் தலைவர், அதற்குப் பிறகு கவுன்சிலர். மந்திரி வந்தால் மேடையில் இவருக்கு ஒரு நாற்காலி இருக்கும். போட்ட சால்வைகள் பீரோ நிறையக் கிடந்தன.

காலையில் பேப்பர் வாசிப்பேன். அது முடிந்ததும் "வேற என்னலே இருக்கு?" என்பார். பழைய பேப்பர் கடையில் ஒரு தடித்த புத்தகம் எடைக்குக் கிடந்தது. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்குத் தமிழில் வந்த காலத்தது. அட்டை போயிருந்தது. ஜார் மன்னன் காலத்துக் குதிரைப்படை ஜெனரல் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. முன்னுரை எழுதியவர் அவரை மக்கள் விரோதி என்று திட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டிருந்தார். பெயர் வாயில் நுழையவில்லை. நாங்கள் ஜெனரல் என்றே வைத்துக்கொண்டோம்.

ஜெனரல் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. நடக்கத் தெரியும் முன்பே அப்பா அவரைக் குதிரையில் தூக்கி வைத்தார். ராணுவப் பள்ளியில் படித்து, வாளும் நீலச் சட்டையுமாக வெளியே வந்தார். துருக்கிக்காரர்களோடு நடந்த சண்டையில் காதில் வெட்டு விழுந்தது. காயத்தோடு ஆற்றைக் கடந்து செய்தி கொண்டுபோனதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஒவ்வொரு குதிரையையும் பற்றி எழுதியிருந்தார்: நிறம், குணம், எங்கே விழுந்து செத்தது என்று.

"ஏலே, குதிரைக்கெல்லாம் பேரு சொல்லுதான், பொண்டாட்டி பேரு இன்னும் வரல பாத்தியா" என்று சம்மாட்டி சிரிப்பார்.

"கலியாணம் ரெண்டு பக்கத்துக்கு முன்னாலயே முடிஞ்சிட்டு, சம்மாட்டி."

"அப்படியா! நான் தூங்கியிருப்பேன்."

அவருக்கு ஜெனரலைப் பிடித்துப்போனது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவரில்லை என்றாலும், ஏறி ஏறிப் போகிறவரை அவருக்குப் பிடிக்கும்.

ஜெனரல் கர்னலாக இருந்தபோது ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பஞ்சம். கோதுமை மூட்டைகள் படகில் ஏறி வெளியூர் போய்க்கொண்டிருந்தன. ஊர்ச் சனம் படகுத்துறைக்குப் போன மூட்டை வண்டிகளை மறித்து உட்கார்ந்துவிட்டது. குதிரைகளை உள்ளே விடும்படி ஜெனரல் உத்தரவிட்டார். அதற்கு அடுத்த வரி: "மாலைக்குள் அங்கே ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது." அதற்குப் பிறகு, அன்று கால் ஒடிந்த ஒரு சாம்பல் நிறக் குதிரையைப் பற்றி இரண்டு பக்கம்.

"எத்தன பேரு செத்தான்னு போட்டிருக்கா?" என்றார் சம்மாட்டி.

"போடல."

"மேல வாசி. பொறவு எங்கனயாவது சொல்லுவான்."

வாசித்தேன். ஜெனரல் ஒரு மாகாணத்துக்குக் கவர்னர் ஆனார். ரயில் பாதை போட்டார். காலரா வந்தபோது ஆஸ்பத்திரிக் கூடாரங்களுக்கு நேரில் போனார், அது நல்ல காரியம்தான். தலைநகரத்துக்கு அழைத்து அரச சபையில் உட்கார வைத்தார்கள். குடியானவர்களுக்கு வரியைக் குறைக்கச் சொல்லிப் பேசினார், யாரும் கேட்கவில்லை. மன்னன் கையால் பெரிய விருதான நீல நாடாவை அணிந்தார். ஓய்வு பெற்று ஆப்பிள் தோட்டம் போட்டார். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் சம்மாட்டி ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அந்த ஆத்தங்கர ஊரு வந்துச்சாலே?"

"இல்ல சம்மாட்டி."

"நீ தாண்டிப் போயிருப்ப."

கடைசிப் பக்கத்தில் ஜெனரல் தோட்டத்தில் உட்கார்ந்து, தான் யாருக்கும் கடன்பட்டவனில்லை என்று எழுதி முடித்திருந்தார். சம்மாட்டி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நான் தட்டை எடுக்கப் போனபோது கையைப் பிடித்து உட்கார வைத்து, தன் பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

சங்கு குளிப்பதில் ஒரு முறை உண்டு. கடலுக்கு அடியில் போகிறவனின் கயிற்றை அவனுடைய மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண் அசரமாட்டான் என்று கணக்கு. கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுத்துத் தூக்குவான். சம்மாட்டி படகில் குளித்த ஒருவனுக்கும் அவன் மச்சான்தான் கயிறு பிடித்தான். ஒருநாள் படகில் அவர்கள் மூன்று பேர் மட்டும்தான். ஆள் கீழே இருக்கும்போதே, பக்கத்துப் படகில் குடிதண்ணீர் வாங்கி வரச் சொல்லி மச்சானை அனுப்பிவிட்டு, சம்மாட்டி கயிற்றைத் தன் கையில் வாங்கினார். வலைக்காரர்கள் சிலர் நங்கூரம் போடும் இடத்துக்காக வம்புக்கு வந்தார்கள். கயிற்றைப் பலகையில் சுற்றி வைத்துவிட்டுச் சண்டைக்கு எழுந்து நின்றார். இழுத்தபோது ஆள் பிணமாக வந்தான்.

"கரைல எல்லாவனும் மச்சான் எங்க போனான், மச்சான் எங்க போனான்னு கேட்டான். 'சம்மாட்டிதான் போவச் சொன்னாரு'ன்னு அவன் அழுதான். ஆள் அடில கெடக்கும்போது எந்தச் சம்மாட்டியாவது மச்சான அனுப்புவானான்னு சனம் அவன அடிச்சிது. நான் சும்மா நின்னேன்லே. ஒரு வார்த்த பொய் சொல்லல. சும்மா நின்னேன்."

"மாதா கோயில்ல சாமியார்ட்ட சொல்லலியா?"

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். மன்னிச்சாச்சுன்னு சாமியார் சொன்னாரு. அவரு மன்னிச்சு என்ன செய்ய? அவரயா அடிச்சாங்க?" பக்கத்தில் கிடந்த புத்தகத்தைத் தடவினார். "அந்த ரஷ்யாக்காரன் கடேசி வரைக்கும் போவலல்ல. என்னய தருவைகுளத்துக்குக் கூட்டிட்டுப் போ."

மருமகளிடம் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். நல்ல காரியத்துக்குத் துணை போகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

செத்தவனின் மனைவி, அந்த மச்சானுக்கு அக்கா, வீட்டு வாசலில் கருவாடு காயப்போட்டிருந்தார். சம்மாட்டியைப் பார்த்ததும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாரும் சம்மாட்டி. கண்ணு இப்படியா ஆயிட்டு? ஒரு சொல்லு சொல்லிவிட்டா நான் வந்திருக்க மாட்டேனா?"

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். புருசன் செத்த பிறகு சங்கத்தில் இவருக்கு உதவிப் பணம் வாங்கிக் கொடுத்தது சம்மாட்டிதான். மகள் கல்யாணத்தில் முன்னால் நின்றதும் அவர்தான். அதையெல்லாம் அந்த அம்மா என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சம்மாட்டி குறுக்கிட்டார்.

"ஏளா, ஒந் தம்பிய நாந்தான் போவச் சொன்னேன். கயிறு எங்கையிலதான் இருந்திச்சு."

அந்த அம்மா கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காப்பித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அவன் அன்னைக்கே சொன்னான். காலப் பிடிச்சிட்டுச் சொன்னான். நாந்தான் சம்மாட்டி பொய்யா நிப்பாருன்னு நம்பல." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எம் மக கலியாணத்துக்குச் சீரு தூக்கிட்டு வந்து பந்தலுக்கு வெளிய நின்னான். நான் போயி அவனப் போவச் சொன்னேன். தாய்மாமன. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க."

"தம்பி இப்ப எங்க இருக்காரு?" என்றேன்.

"ஒங்க தூத்துக்குடிலதான். மீன்பிடித் துறைமுகத்துல ஏலம் எடுத்து விக்கான்."

"ஆட்டோ நிக்குது. வாங்க, போவோம்."

"போயி என்னன்னு சொல்லட்டும்?"

சம்மாட்டி நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். "நான் சொல்லுதேன் ஏளா. நான் அவன் கால்ல விழுதேன்."

"நீரு சொன்னது போதும், இரும்" என்றார் அந்த அம்மா. முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. "அவங்கிட்ட நீரு போவப்பிடாது. அவன நம்பாதவ நானு. நாந்தான் போவணும். எனக்கு எப்ப தெம்பு வருதோ அப்ப போறேன். அதுவர நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கப்பிடாது. சத்தியம் பண்ணும்."

சம்மாட்டி சத்தியம் செய்தார். நானும் செய்தேன்.

அதுவரை அந்த அம்மாவுக்குத் தம்பி மேல் கோபம் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்து, கருவாடு விற்று, நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நாங்கள் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஆட்டோவில் சம்மாட்டி இலேசாகிவிட்டவர் போல வழியெல்லாம் கண்ணயர்ந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. எடைக்குக் கிடந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தானே என்று பிறகு அதுவும் அடங்கியது.

மாதங்கள் போய்விட்டன. அந்த அம்மா இன்னும் போகவில்லை. எந்த ஊரிலும் மனது கனத்தால் மூட்டையைக் கட்டிவிடுவது என் வழக்கம். கொச்சியில் ஒரு வேலை இருப்பதாக ஆள் வந்து சொன்னான். போக முடியவில்லை.

வீட்டுக்கு மீன் வாங்க மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் போவேன். தம்பியை விசாரித்துக் கண்டுபிடித்து, இப்போது அவரிடமே வாங்குகிறேன். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். நான் யார் வீட்டில் இருக்கிறேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. போன வாரம் ஒரு நல்ல விளமீனைத் தனியாக எடுத்துப் பையில் போட்டார்.

"துட்டு வேண்டாம் அண்ணாச்சி. சம்மாட்டிக்குக் குடுங்க. கண்ணு தெரியாத மனுசன், முள்ளப் பாத்து எடுத்துக் குடுக்கணும், என்ன?"

வாங்கிக்கொண்டேன். மருமகள் குழம்பு வைத்தார். நான் முள்ளெடுத்து சம்மாட்டி கையில் கொடுத்தேன். அவர் ரசித்துத் தின்றார்.

"மீனு நல்லாருக்குலே. யாருட்ட வாங்குன?"

"ஏலத்துல எடுத்தேன், சம்மாட்டி" என்றேன்.