விக்கலுக்குக் கொடுத்த நாலு துண்டு

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நட்சத்திரப் பழ மரம் நின்றது. பஞ்சாலையில் வேலை பார்த்த என் கணவர் மலையடிவாரத்து நர்சரியிலிருந்து கன்றாக வாங்கி வந்தார். வளர்த்தது நான். முதல் இரண்டு கோடையிலும் அனல்காற்றில் இலையெல்லாம் கருகிப் போனது. சாக்கைக் கட்டி மறைத்தேன், துணி அலசிய சோப்புத் தண்ணீரை அந்தப் பக்கம் விடக்கூடாதென்று வீட்டில் எல்லாரிடமும் சண்டை போட்டேன். நாலாவது வருஷம் காய்த்தது. கிளையில் மட்டுமல்ல, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்தது. புளிப்புக் காயில் ஊறுகாய் போட்டேன், அதையே தேய்த்துப் பித்தளைக் குடம் துலக்கினேன். பழத்தைப் பிழிந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தேன். தெருவில் வேறு யார் வீட்டிலும் அந்த மரம் இல்லையென்ற திமிரும் எனக்கு இருந்தது.

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதென்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். உப்பு கூடாது. குடிக்கிற தண்ணீர்கூட அளவுதான். அவர் மனைவி, என் மதினி, காலையிலேயே ஒரு செம்பில் ஊற்றி வைத்துவிடுவார். வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, மாம்பழம் எதுவும் தொடக்கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தது. நான் போகும்போதெல்லாம் அண்ணன் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"நாக்கு செத்துப் போச்சுட்டி. புளிப்பா ஏதாவது கொண்டாயேன்."

சீட்டை மேலிருந்து கீழே படித்தேன். நட்சத்திரப் பழம் அதில் இல்லை. இல்லையென்றால் சாப்பிடலாம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அப்படியொரு பழத்தை அந்த டாக்டர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பழங்களைப் பறித்து வயர் கூடையில் போட்டு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டுக்குப் போனதும் பிழிய உட்கார்ந்தேன்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுப்பமா?" என்றார் மதினி.

"பழந்தானே மதினி. தண்ணிக் கணக்குல கழிச்சுக்கிடுங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

அண்ணன் இரண்டு டம்ளர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்த அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் விக்கல் பிடித்துக்கொண்டது. "ஆரோ நினைக்காவ" என்று மதினி சிரித்தார். நினைக்கிற ஆளின் பெயரைச் சரியாகச் சொன்னால் விக்கல் நின்றுவிடும் அல்லவா? ஆளுக்கு ஒரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தோம். சித்தப்பா மகனைச் சொன்னோம், பட்டாளத்துச் சமையல்காரரைச் சொன்னோம். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் சுற்றிச் சுற்றி வந்த பெண்ணின் பெயரையும் நான் எடுத்துவிட்டேன். மதினி முறைத்தார்; அண்ணன் விக்கிக்கொண்டே சிரித்தார். அரைமணி நேரம் இப்படி விளையாட்டாகவே போனது.

தெரிந்த பெயரெல்லாம் தீர்ந்த பிறகும் விக்கல் நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் அண்ணனின் உடம்பு தூக்கிப் போட்டது. தண்ணீர் கொடுக்கலாமென்றால் செம்பில் கால்வாசிதான் மீதி இருந்தது, அது மாத்திரைக்கு வேண்டும். நாக்கில் புளிப்பு பட்டால் விக்கல் அடங்கும் என்பார்கள். மதினி உள்ளே விசிறி எடுக்கப் போன நேரத்தில் ஒரு பழத்தை நறுக்கி நாலு துண்டுகளை அண்ணன் வாயில் ஊட்டினேன். மதினி திரும்பி வந்தபோது கத்தி என் கையில்தான் இருந்தது; நாலு துண்டுதான் என்றேன்.

மூன்று மணிக்கு அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

பிறந்ததிலிருந்து என்னை "ஏட்டி" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாத மனிதர். அந்த "நீங்க" காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அம்பாசடர் காரைப் பிடித்து வந்தார். மதுரை வரை அண்ணன் தலை என் மடியில் இருந்தது. விக்கல் வந்தால் பயம். கொஞ்சம் இடைவெளி விட்டால் அதைவிடப் பயம். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது அவருக்குக் கை வெட்டி வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "புதுசா என்ன சாப்பிட்டார்?"

நான் வாயைத் திறந்தேன். "கொஞ்சம் பழச்சாறு டாக்டர். அரை டம்ளர் இருக்கும்."

அரை டம்ளர் என்று ஏன் சொன்னேன்? பயம். கொலைகாரி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அண்ணன் உயிர் ஊசலாடும்போதும் என் பெயரைத்தான் காப்பாற்றப் பார்த்தேன்.

"ரெண்டு டம்ளர் டாக்டர்" என்றார் மதினி. "விக்கல் வந்த பொறவு நாலு துண்டு. எல்லாம் நாந்தான் குடுத்தேன்."

டாக்டர் மதினியைப் பிடித்துக்கொண்டார். "சீட்டு எழுதிக் கொடுத்தது எதுக்கும்மா? படிச்சீங்களா இல்லையா?" மதினி தலையைக் குனிந்து நின்றார். "எனக்கு இந்தப் பழத்தைத் தெரியாது. ஆனா இன்னைக்கு மாறினது இது ஒண்ணுதான். ரத்தத்தைச் சுத்தம் பண்ணிருவோம்" என்று டாக்டர் டயாலிசிஸ் அறைக்கு ஓடினார். கிட்னி கெட்டவர்களுக்கு அந்தப் பழம் விஷம், விக்கல்தான் முதல் அடையாளம் என்பதெல்லாம் பல வருஷம் கழித்தே எனக்குத் தெரியவந்தது.

இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் விக்கல் அடங்கி, அண்ணனுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் நினைவில் இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள்தான் சொன்னார்கள், உன் பெண்டாட்டி கொடுத்ததுதான் உன்னை இந்தப் பாடு படுத்தியதென்று. நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மதினி என்னைப் பார்க்கவில்லை. சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை.

அதன்பிறகு அண்ணன் மூன்று வருஷம் இருந்தார். மதினி எதை நீட்டினாலும் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பார். "இதுல என்ன போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார், வெந்நீராக இருந்தாலும் கேட்பார். நான் கொடுத்தால் பார்க்காமலே வாங்கிக் குடித்தார்.