ஸ்குவாவுக்கு ஒரு பீங்கான் முட்டை

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிற யாரும் எந்தப் பொருளையும் கேட்ட அளவில் அச்செடுக்க மாட்டார்கள். மண் சூளையில் வெந்தால் சுருங்கும். பத்துக்கு ஒன்று போலச் சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே போட வேண்டும். இதற்கு 'சுருக்கம் போடுவது' என்று பெயர். ஃபியூஸ் கட்டையானாலும் பிள்ளையாரானாலும் சுருக்கம் போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஃபியூஸ் கட்டை பெட்டிக்குள் ஆடும், பிள்ளையார் மூஞ்சூறு அளவுக்கு வந்து நிற்பார். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். இந்தச் சின்ன அறிவுதான் என்னை அண்டார்டிகாவில் கவிழ்த்தது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் சென்னையில் பறவை ஆராய்ச்சி மாணவி. நகை வேண்டாம், புடவை வேண்டாம், ஒரு தடவை அண்டார்டிகா போனால் போதும் என்று திரிந்துகொண்டிருந்தேன். அங்கே நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியிருக்கும் பாறைகளில், கோடையில் ஸ்குவா என்றொரு பழுப்புப் பறவை முட்டையிடும். வெளியே எலும்பைத் துளைக்கும் காற்று அடிக்கும்போது அந்தப் பறவை தன் முட்டையை எவ்வளவு சூடாக வைத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி. நிஜ முட்டைக்குள் வெப்பமானியைச் செருக முடியாது. செருகினால் அது ஆம்லெட்டுக்குத்தான் ஆகும். அதனால் முட்டை போலவே ஒன்று செய்து, அதற்குள் வெப்பமானியை வைத்து, கூட்டில் வைத்துவிட வேண்டும். அதன் மேல் பறவை உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பொய் முட்டை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது, வரவில்லை. வருவதற்குள் அண்டார்டிகாவில் கோடையே முடிந்துவிடும் என்று தெரிந்ததும் எங்கள் பேராசிரியர் கையை விரித்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க ஊர்ல செஞ்சிடலாம் சார்."

"டீ கப் செய்யற ஊர்லயா?"

"பொம்மையும் செய்வாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் தீர்ப்பு வருகிறது என்று அர்த்தம். "சரி. இந்தக் கோடைல பறவை உன் முட்டை மேல உட்கார்ந்து, ஒரு வாரம் ஒழுங்கா பதிவு ஓடினா, அடுத்த கோடைக்கும் பறவை உனக்கு. இல்லைன்னா பாசிக்கு மாறிடு. அங்க ஆள் இல்லை."

பாசியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாசி பறக்காது, கத்தாது, நம்மைப் பார்த்துத் தலையைச் சாய்க்காது. பாறையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். எனக்குப் பறவைதான் வேண்டும். எந்த மாப்பிள்ளையையும் நான் அப்படி வேண்டியதில்லை.

அடுத்த நாளே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். ஊரில் செராமிக் எஸ்டேட்டில் என் தாய்மாமாவுக்கு ஒரு பொம்மைப் பட்டறை இருந்தது. வெண்ணெய் தின்னும் கண்ணன், கார் முன்னால் வைக்கும் பிள்ளையார், கன்னத்தில் கை வைத்த வெள்ளைக்காரப் பாப்பா என்று தட்டுத்தட்டாகக் காயும். மாமா நல்லவர். ஒரு செய்தி அவர் காதில் நுழைந்தால் வாய்வழியே வெளியே வரும்போது ஊர்வலமாகத்தான் வரும்.

"என்னா பாப்பா, பென்குயினுக்கு முட்டையா?"

"பென்குயின் இல்ல மாமா. ஸ்குவா. காக்காவும் பருந்தும் கலந்த மாதிரி இருக்கும். அடுத்த பறவையோட முட்டையத் திருடித் தின்னும்."

மாமாவின் முகம் விழுந்தது. "திருட்டுப் பறவைக்கா நம்ம பட்டறைல முட்ட போடறோம்?" என்றார். பிறகு அதை அவரே சரி செய்துகொண்டார். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் பென்குயின் என்றே சொல்லிவிட்டார்.

நான் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். வாத்து முட்டையைவிடக் கொஞ்சம் பெரிய அளவு, ஆலிவ் கலந்த பழுப்பு நிறம், கறுப்புத் தீற்றல்கள், அடியில் வெப்பமானி போக ஒரு துளை. பளபளப்பு கூடாது. ஊர்ப்பெண் அல்லவா, சுருக்கத்தையும் சேர்த்தே அளவு போட்டிருந்தேன். 'சுருக்கம் போட்டாயிற்று' என்று படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தேன்.

"சுருக்கம் போட்டுட்டியா?" என்றார் மாமா.

"போட்டுட்டேன் மாமா. எழுதியிருக்கு பாருங்க."

"சரி சரி, பாத்துக்கறேன்" என்றார். மேல்படிப்பு படித்தவள் சமைத்த ரசத்தைக் குடிக்கும் முகம் அது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அதன்பின் நடந்ததை நான் பிறகுதான் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் ஊரை விட்டுக் கிளம்பியதும் மாமா படத்தை எடுத்து, படிச்ச புள்ளைக்கு நம்ம மண்ணைப் பத்தி என்ன தெரியும் என்று தன் பங்குக்குச் சுருக்கம் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு அச்சுக்காரரிடம், "சுருக்கம் போட்டாச்சுய்யா" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அச்சுக்காரர் அந்தப் பட்டறையில் பல வருஷம் இருக்கிறவர். முதலாளி சொல்வதை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அவரும் ஒரு சுருக்கம் போட்டார். மூன்று பேர் பெரிதாக்கிக்கொண்டே போனோம், சூளை பாவம் ஒரே தடவைதான் சுருக்கியது. எங்களில் ஒருத்தர் வெளியூர்க்காரராக இருந்திருந்தாலும் முட்டை கொஞ்சம் ஒழுங்காக வந்திருக்கும்.

பொம்மைகளுக்குக் கண் எழுதும் அக்கா அதற்குத் தீற்றல் போட்டார். நிஜமாகவே அற்புதமாகப் போட்டிருந்தார். போட்டுவிட்டு, இவ்வளவு தூரம் போகிற பொருளுக்குக் கண்ணு பட்டுவிடும் என்று ஒவ்வொரு முட்டையிலும் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டார். முட்டையே புள்ளியாக இருந்ததால் அது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள்தான் பெட்டி வந்தது. மாமாவே வேப்பூர் வரைக்கும் வந்து ஹைவேயில் நின்று, சென்னை பஸ் டிரைவரிடம் "அண்ணே, உள்ள முட்ட இருக்குது, பாத்து" என்று ஒப்படைத்திருக்கிறார். டிரைவர் அதை மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்து கொடுத்தார். விடுதி அறையில் வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன மாங்காயாகக் கிடந்தன.

மாமாவுக்கு போன் போட்டு, தாய்மாமன் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்னதா இருந்தாத்தானே தப்பு? பெருசா இருந்தா நல்லதுதானே பாப்பா?" என்றார். போனை வைத்தேன். புதிதாகச் செய்து, காயவைத்து, சுட்டெடுக்க நேரமில்லை. மாங்காய்களோடு விமானம் ஏறி, கேப் டவுனில் கப்பலுக்கு மாறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, அண்டார்டிகா போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. எந்நேரமும் மத்தியானம். ஸ்குவா கூட்டுக்குப் பக்கத்தில் போனால் பறவை நேராகத் தலையில் வந்து அடிக்கும். உயரமாக எது இருக்கிறதோ அதைத்தான் அடிக்கும் என்பதால், தலைக்கு மேலே ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டவள் போல நான் தினமும் அப்படி நடந்தேன். ஒரே ஒரு முட்டை இருக்கும் கூடு ஒன்று கிடைத்தது. இந்தப் பறவைகளுக்கு இரண்டு முட்டையை அடைகாக்கும் வசதி உண்டு. ஒன்று காணாமல் போயிருந்தது. பக்கத்து ஸ்குவா தின்றிருக்கும். அந்தக் காலி இடத்தில் மாமாவின் முட்டையை வைத்து, வெப்பமானிக் கம்பியைக் கல்லுக்கடியில் மறைத்து, அதன் மறுமுனையில் இருந்த பதிவுக் கருவியோடு தூரப்போய்ப் பாறைக்குப் பின்னால் படுத்தேன்.

பறவை வந்தது. முட்டையைப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறுபக்கமும் பார்த்தது. பிறகு அலகால் அதை மெல்லத் தன் பக்கம் உருட்டி, இறகை விரித்து, ஒரு குலுக்குக் குலுக்கி, உட்கார்ந்துவிட்டது.

நான் பாறைக்குப் பின்னால் மல்லாந்து படுத்துச் சிரித்தேன். எங்கள் எஸ்டேட்டில் வெந்த மண் மேல் அண்டார்டிகா பறவை உட்கார்ந்திருக்கிறது! அந்த நேரத்தில் மாமா பக்கத்தில் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். பதிவுக் கருவியில் சூடு ஏறிக்கொண்டே வந்து நிலையாக நின்றது. பாசி இனி வேறு யாருக்கோ என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் தொலைநோக்கியில் பார்த்தபோது பறவைக்குப் பக்கத்தில், கூட்டின் விளிம்பில், ஏதோ கிடந்தது. அதன் சொந்த முட்டை.

காற்று ஓட்டிவிட்டிருக்கும் என்று நினைத்துக் குச்சியோடு போய், அடி வாங்கி, முட்டையை உள்ளே நகர்த்திவிட்டு வந்தேன். பறவை திரும்பி வந்தது. இரண்டையும் பார்த்தது. பெரியதை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. சின்னது மறுபடி வெளியே போனது. கடற்பறவைகளில் சிலவற்றுக்குப் பெரிய முட்டையைக் கண்டால் சொந்த முட்டை மறந்துபோகும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். படிக்கும்போது வேடிக்கையாக இருந்தது. நேரில் பார்க்கையில் வேடிக்கையாக இல்லை. பெருமையாக உட்கார்ந்திருக்கிறது, ஒரு சாண் தள்ளி அதன் குஞ்சு விறைத்துக்கொண்டிருக்கிறது.

பதிவு அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்தாறு நாள் போதும். கூட்டுக்குக் கெடுதல் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் விதியை நினைத்தேன் என்று சொன்னால் பொய். அடுத்த கோடையைத்தான் நினைத்தேன். நாளைக்கு எடுக்கலாம், சாயங்காலம் எடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். மறையாத சூரியனுக்குச் சாயங்காலம் ஏது. எழுந்தேன்.

அன்று ஸ்குவா அடித்த அடி மாதிரி நான் யாரிடமும் வாங்கியதில்லை. பறவைக்கு என்ன தெரியும்? அது பார்த்ததெல்லாம், தன் அழகான பெரிய முட்டையை ஒருத்தி தூக்கிக்கொண்டு ஓடுவதைத்தான். என் குல்லா கிழிந்தது. முட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது ஒன்னுது இல்ல சனியனே, அதப் பாரு, அதப் பாரு!" என்று தமிழில் கத்திக்கொண்டே பாறையில் சரிந்தேன். கத்துகிற வேகத்தில் அழுதும்விட்டேன். பறவை எனக்கு மேலே ரொம்ப நேரம் சுற்றியது. கூட்டில் இறங்கிப் பெரியதைத் தேடியது. பிறகு, வேறு வழியில்லாமல், சின்னதின் மேல் உட்கார்ந்தது.

இன்னொரு கூட்டில் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நடந்ததைப் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: 'சரியான முடிவு. பாசி பற்றிப் படிக்கத் தொடங்கு.' முதல் வரியைப் பல தடவை படித்தேன். இரண்டாவது வரியை ஒரு தடவைதான் படித்தேன்.

அதற்கப்புறம் நான் கவலைப்பட்டதெல்லாம் அந்த முட்டையைப் பற்றித்தான். பல மணி நேரம் வெளியே கிடந்திருக்கிறது. உள்ளே உயிர் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் போகவும் கூடாது. தினமும் தூரத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்ப்பேன். எனக்கு அங்கே வேலையே இல்லை என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சமையல்காரர் பிளாஸ்கில் டீ போட்டுக் கொடுத்துவிடுவார்.

ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கு நாள் நெருங்கிய சமயத்தில், ஒரு காலை பறவை எழுந்து நின்றது. அதன் காலுக்கிடையில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை தள்ளாடியது. நான் போட்ட சத்தத்தில் அது திரும்ப உட்கார்ந்துவிட்டது.

அன்று செயற்கைக்கோள் போனில் மாமாவைக் கூப்பிட்டேன். எனக்கு மாமாமீது அன்றைக்கும் கோபம் தீரவில்லை. பாசியைப் பற்றிச் சொல்லிவிட்டு, நன்றாகத் திட்டிவிட்டு வைக்க வேண்டும் என்றுதான் எண்ணைப் போட்டேன். பட்டறையில் ஆட்கள் சூழ்ந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"உக்காந்துச்சா பாப்பா?"

"உக்காந்துச்சு மாமா. உங்க முட்ட பெருசுன்னு அது மேலயே உக்காந்துடுச்சு. தன்னோட முட்டையத் தள்ளி வுட்டுடுச்சு."

அந்த போனில் நாம் பேசியது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.

"ஐயய்யோ. குளுந்து பூடுமே அது!"

"உங்க முட்டைய நான் எடுத்துட்டேன் மாமா. இப்ப குஞ்சு பொரிச்சிருச்சு. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"நம்மளுது ஒண்ணுகூட அங்க வுட்டுடலியே? எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுன" என்றார். பிறகு, "ஒனக்கு அந்தப் பறவ வேலை?"

"அது போயிடுச்சு மாமா."

திட்ட வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. மாமா போனைக் கையால் பொத்தாமலேயே பட்டறைப் பக்கம் திரும்பினார். அந்தக் குரலுக்கு செயற்கைக்கோளே தேவையில்லை.

"யோவ், பறவ நம்ம முட்டைய வுடவே மாட்டேன்னுச்சாம்யா! நம்ம புள்ளதான் அடி வாங்கிப் புடுங்கிக்கிட்டு வந்து, அதோட குஞ்ச பொழைக்க வெச்சிருக்குது!"

அடி வாங்கியதை நான் சொல்லவே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்து அடங்க வெகுநேரம் ஆனது. நான் ஆசைப்பட்ட வேலை பறிபோனதற்கு ஒரு பட்டறையே கைதட்டுகிறது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.