ஒரு மணி பஸ்ஸில் போன செய்தி

ஜெரோமைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவன் செய்த ஒரு தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் அதுவும் ஒரு பொய்ச் செய்திதான். ஆகவே வெட்கமாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைக்கிறேன்.

நான் மயில்சாமி, வால்பாறையில் பேப்பர் ஏஜென்ட். தொண்ணூற்றாறாம் வருஷம் கோவையில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு நான் ஏஜென்ட், ஜெரோம் நிருபர். நிருபர் என்றதும் ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அப்பாவும் அம்மாவும் குளிர்பாறை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். பிறந்தது தொழிலாளர்களின் லைன் வீட்டில். அதே எஸ்டேட் ஆபீசுக்குள் இப்போது இவன் நுழைந்தால் கிளார்க் நாற்காலியை இழுத்துப் போடுவான். சட்டைப் பையில் இருந்த நிருபர் கார்டு செய்த வேலை அது. அரை மணிக்கு ஒரு தரம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஒரு இடத்தில் உட்கார மாட்டான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே ரோட்டைப் பார்ப்பான். ஆம்புலன்ஸ் போனால் வாட்சைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடுவான். வாட்சுக்காரர்கள் வந்து என்னிடம் கத்துவார்கள். "ஏன்டா, உனக்கு முள்ளுச் சுத்தற வேலையா, ஊர் சுத்தற வேலையா?" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

கோவை ஆபீசில் மாவட்டச் செய்திகளைப் பார்த்தவர் வெங்கடபதி. ஒருமுறை எல்லா ஊர் நிருபர்களையும் கூப்பிட்டு, டீயும் பன்னும் கொடுத்துப் பாடம் நடத்தினாராம். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் முதல் பத்தியிலேயே பதில் வந்துவிட வேண்டும். முக்கியமானதை மேலே வை, இடம் இல்லை என்றால் நாங்கள் கீழேயிருந்து வெட்டுவோம். படிக்கிறவன் பஸ்ஸுக்கு நிற்கிறவன், முதல் பத்தியோடு மடித்து வைத்துவிடுவான், அவனுக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும். ஜெரோம் இதையெல்லாம் அட்டையில் எழுதிக் கடையில் மாட்டி வைத்திருந்தான். ஆனாலும் வெங்கடபதி அவன் எழுதியதை ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

அந்த ஆறு கேள்வியும் மலைக்கு ஏறும்போது ஒரு சிக்கல் வரும். செய்தியைக் கவரில் போட்டு, 'அவசரம்' என்று எழுதி, மதியம் ஒரு மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால்தான் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து கோவை ஆபீசுக்கு, மறுநாள் பேப்பரின் பக்கங்களைக் கட்டி முடிப்பதற்குள் போய்ச் சேரும். விழாக்கள் நடப்பதோ சாயங்காலம். ஆகவே மலையில் இருந்த நிருபர்கள் எல்லோரும் விழாவை மதியமே நடத்தி முடித்துவிடுவார்கள். அழைப்பிதழைப் பார்த்து, "சிறப்பாக நடைபெற்றது" என்று எழுதி அனுப்பிவிட்டு, நாலு மணிக்குப் போய் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுவார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

குளிர்பாறை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் வால்பாறையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். நடுவில் காடு, யானை நடமாட்டம். அந்த வருஷம் அங்கே ஐந்து பெண் பிள்ளைகள் பத்தாவது தேறியிருந்தார்கள். மேலே படிக்க வால்பாறைக்குத்தான் வர வேண்டும். தொழிலாளர்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் கோவையில் இருந்த கம்பெனி மேலாபீஸ் ஒரு பள்ளி வேன் விடச் சம்மதித்தது. ஜூன் 19, புதன்கிழமை மாலை நாலு மணிக்குத் தொடக்க விழா.

விழாவுக்கு முந்தின நாள் பழனியாத்தாள் கடைக்கு வந்தது. மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிற பெண். அதன் மகள் இனியாதான் அந்த ஐந்து பேரில் நல்ல மார்க்.

"ஏனுங்க தம்பி, வேன் நெசமா ஓடுங்களா? ஓடுச்சுன்னா புள்ளைய சேத்திப்போடறேன். இல்லீன்னா எந்தம்பி திருப்பூருக்குக் கூட்டீட்டுப் போறேங்கறான். பனியன் கம்பெனியில ஆள் கேக்கறாங்களாமா. அந்தக் காட்டு வழியில புள்ளைய நடக்கவுட்டுப்போட்டு நான் எப்படிங்க நிம்மதியாக் கொழுந்து பறிக்கறது?"

"ஓடுமுங்கக்கா. வெள்ளிக்கிழமைதான் சேர்க்கக் கடைசி நாளு. பயப்படாதீங்க" என்றான் ஜெரோம்.

புதன்கிழமை ஒரு மணி பஸ்ஸில் கவர் போயிற்று. மேனேஜர் சீனிவாசலு கொடியசைத்தார், மாணவிகள் ஐவரும் வேனில் ஏறி உற்சாகமாகக் கையசைத்தனர், தொழிலாளர்கள் பட்டாசு வெடித்தனர், மாணவி இனியா நன்றி கூறினார் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தான். நானும் என் பங்குக்கு அறுபது பிரதி கூடுதலாக அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதி அதே கவரில் வைத்தேன். பேர் வந்தால் மேல் டிவிஷனில் வீட்டுக்கு ஒன்று வாங்குவார்கள் அல்லவா?

நாலு மணிக்கு நாங்கள் மேல் டிவிஷனில் போய் நின்றபோது மழை ஊற்றியது. வாழை மரம் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு குடைக்குள் நின்றார்கள். மேனேஜரின் ஜீப் மட்டும் வந்தது. "மேலாபீஸ்காரங்க மழையில வர முடியலீங்க. வேன் கீழ அடிவாரத்துல, ஆழியாறுல நிக்குது. நாளைக்குக் காலையில கண்டிப்பா வந்துரும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

ஜெரோமின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, செய்தி போயிருச்சே!" என்றான். மழையிலேயே ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு இருவரும் வால்பாறைக்கு வந்தோம். சாஜிதா பேகத்தின் எஸ்.டி.டி. பூத்தில் போய் நின்றோம். லைன் கிடைக்கவில்லை. அந்தம்மா திரும்பத் திரும்பச் சுழற்றியது. மணி ஐந்தரை, ஐந்தே முக்கால், ஆறு. ஜெரோம் பூத்துக்கும் ரோட்டுக்குமாக நடந்தான். நகத்தைக் கடித்தான். "ஏனுங்க, உட்காருங்க, எனக்கே நம்பர் தப்பிப் போகுது" என்று அந்தம்மா அதட்டியது.

ஆறேகாலுக்கு லைன் கிடைத்து அந்தப் பக்கம் மணி அடித்தது. வெங்கடபதியே எடுத்தார். மழைக்காகக் கத்திப் பேசியதால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"என்னய்யா ஜெரோம்! வேன் செய்தி பிரமாதம். ஆறு கேள்விக்கும் முதல் பத்தியிலயே பதில். மூணாம் பக்கத்துல மேலயே வெச்சிருக்கேன். இத்தனை நாள் இப்படி எழுதாம எங்கய்யா போயிருந்தே? சரி, வேற என்ன விசேஷம்?"

ஜெரோம் என்னைப் பார்த்தான். என்ன சொல்லட்டும் என்று கண்ணாலேயே கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குத்தான் வேன் வந்துவிடுமே, ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று தோன்றியது. அறுபது பிரதியும் தோன்றியது. அவன் போனில் சொன்னான்:

"வேற ஒண்ணுமில்லீங்க சார். இங்க மழை ஜாஸ்தியா இருக்குதுங்க."

மறுநாள் பேப்பர் வந்தது. 'எஸ்டேட் மாணவிகளுக்குப் பள்ளி வேன்: தொழிலாளர் மகிழ்ச்சி.' வேனும் வந்தது. ஆனால் மேல் டிவிஷனுக்கு வரவில்லை, மேனேஜர் பங்களாவுக்குப் போயிற்று. அங்கே விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நாங்கள் பேப்பர் கட்டோடு மேலே போனபோது ஐந்து பிள்ளைகளும் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இனியா ஒரு பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் எப்பங்ண்ணா நன்றி சொன்னேன்?"

கேலி செய்யவில்லை அந்தப் பிள்ளை. நிஜமாகவே தெரியாமல் கேட்டது. ஜெரோம் வேகமாகக் கீழே நடந்தான். நேரே எஸ்டேட் ஆபீசுக்குப் போனான். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், "நாளைக்கு அனுப்பிடறோமுங்க" என்றார்கள். வெள்ளிக்கிழமையும் போனான். அன்றைக்கும் நாற்காலி, டீ, நாளைக்கு. சேர்க்கும் தேதி முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் கடையைத் திறக்கவில்லை. மார்க்கெட்டுக்கும் சர்ச்சுக்கும் இடையே சும்மா நடந்துகொண்டே இருந்தான். யாராவது அண்ணே, மணி என்ன என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தான்.

திங்கட்கிழமைதான் விஷயம் தெரிந்தது. பழனியாத்தாள் மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறது. அவர் சுவரில் ஒட்டியிருந்த நம் செய்தியைக் காட்டியிருக்கிறார். "வேன் ஓடுதுன்னு பேப்பர்லயே வந்துருச்சு. மேலாபீசுல இருந்து பாராட்டி போன் பண்ணிட்டாங்க. இனி யார்கிட்டப் போய் என்னன்னு சொல்லப் போறே?"

இதைக் கேட்டதும் ஜெரோம் கல்லாப்பெட்டி மேலேயே பேப்பரை வைத்து எழுத ஆரம்பித்தான். நான் படித்துப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன பைத்தியமா? மேனேஜர் வேன் விடலைன்னு மட்டும் எழுது. உன் பேரை எதுக்குடா இழுக்கறே?" என்று கத்தினேன்.

"யாருங்கற கேள்விக்கு அதுதானுங்கண்ணா பதில்" என்றான்.

மறுநாள் பஸ்ஸில் அனுப்ப அவன் எழுதியது இது: "வால்பாறை, ஜூன் 25: குளிர்பாறை எஸ்டேட் மேல் டிவிஷனில் 19ஆம் தேதி பள்ளி வேன் தொடங்கப்பட்டதாக வெளியான செய்தி பொய். விழா நடக்கவில்லை. வேன் இன்றுவரை ஓடவில்லை. மாணவி இனியா நன்றி கூறவில்லை. நிருபர் ஜெரோம், விழா நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அச்செய்தியை எழுதிப் பஸ்ஸில் அனுப்பினார். விழா நடக்கவில்லை என்று தெரிந்தபின் ஆபீசுக்குத் தொலைபேசியில் பேசியும் அதைச் சொல்லவில்லை."

என் பேர் அதில் இல்லை. என் பேரையும் போடு என்று நானும் சொல்லவில்லை.

செவ்வாய் சாயங்காலம் வெங்கடபதி பூத்துக்குப் போன் செய்து கூப்பிட்டார். திட்டு என்றால் அப்படி ஒரு திட்டு. "இதைப் போட்டா உன் கார்டு போயிரும், தெரியுமா?" என்றார். "தெரியுமுங்க சார், போடுங்க" என்றான். புதன்கிழமை மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது. கீழேயிருந்து வெட்டுகிற மனுஷன் அதில் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. அடுத்த நாள் கார்டைக் கவரில் போட்டு ஒரு மணி பஸ்ஸில் ஜெரோமே அனுப்பி வைத்தான். அதற்குப் பிறகு எஸ்டேட் ஆபீசில் அவனுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. மலையில் இருந்த மற்ற நிருபர்களும் அவனோடு பேசுவதை விட்டார்கள், எல்லோர் பிழைப்பையும் காட்டிக் கொடுத்துவிட்டானாம்.

மேலாபீஸ் அந்தக் கட்டத்தைப் படித்தது. ஆள் அனுப்பி விசாரித்தது. ஜூலை நடுவில் ஒரு நாள் காலை எந்த விழாவும் இல்லாமல் வேன் மேல் டிவிஷனுக்குப் போயிற்று. தலைமையாசிரியையும் பெரிய மனசு பண்ணித் தாமதமாகச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஜெரோமுக்கு இருப்புக் கொள்ளவில்லை, விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு மேலே நடந்தான். நாங்கள் போனபோது பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர்.

கூடையோடு நின்றிருந்த பழனியாத்தாளிடம், "இனியா எங்கீங்கக்கா?" என்று கேட்டான்.

"அவ போயி மூணு வாரமாச்சுங்க தம்பி. மேனேஜரு அப்படிச் சொன்ன அன்னைக்கே எந்தம்பி வந்து கூட்டீட்டுப் போயிட்டான். நீங்க மறுக்கா எழுதுனீங்கன்னு பொறவுதான் தெரியும். திரும்பி வாடின்னு ஆளனுப்பினேன். கம்பெனியில உட மாட்டேங்கறாங்களாமா." கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கட்டுமுங்க. மத்த புள்ளைகளாச்சும் போகுதுங்களே. உங்களாலதானுங்க" என்று கும்பிட்டது.

ஜெரோம் அந்தக் கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கிவிட்டான். திரும்பும் வழியில் பாதி தூரம் வரை விடுவிடுவென்று நடந்தான். பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். சமாதானம் சொல்லப் பக்கத்தில் போனேன்.

"அன்னைக்கு பூத்துல உங்களைத்தானே பாத்தேன்? நீங்களும் பேசாம நின்னுபோட்டீங்களேண்ணா" என்றான்.