பேப்பர் கப் நாள்

நகர்மன்றத்தில் டீ கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே டீக்கா தன் தட்டில் ஒரு பல்லை ஏந்திக்கொண்டு மன்றக் கூடத்தைச் சுற்றி வந்தாள்.

சாக்கடை மூடிகள் யாருடைய வார்டுக்கு முதலில் போவது என்பதில் தொடங்கிய சண்டை அது. காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைக்கும் கண்ணாடிக் குண்டு ஒன்று தானே பறந்து போய் உறுப்பினர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரரின் வாயில் இறங்கியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து சட்டைப் பை வரைக்கும் ஓடியது. எகிறிய பல், காலி கிளாஸ்களுக்கு நடுவே அவள் தட்டில் வந்து விழுந்தது. கீழே போட அவளுக்கு மனம் வரவில்லை. "இது யாருதுங்க? இது யாருதுங்க?" என்று வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஆளாளுக்குத் தங்கள் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

நகர்மன்றத் தலைவர் தொழிலால் பல் டாக்டர். அவர்தான் அதை வாங்கிக் கைக்குட்டையில் மடித்து வைத்தார். "சாயங்காலம் கிளினிக்குக்கு வாங்க, பாத்துக்கலாம். அடுத்த பொருளுக்குப் போவோமா?" என்றார்.

குண்டை எறிந்தவர் லாரிக்காரர். நகராட்சிக் குப்பையை அள்ளும் லாரிகள் அவருடையவை. அவருடைய ஆட்கள் கூடத்தில் ஜன்னல் பக்கம் உட்காருவார்கள். மருந்துக்கடைக்காரரின் ஆட்கள் சுவர்ப் பக்கம். நடுவில் ஒரு நடைபாதை. அந்த நடைபாதை வழியாகத்தான் டீக்கா தட்டோடு போய்வர வேண்டும். போர்க்களத்தின் நட்டநடுவில் டீ ஊற்றுகிற வேலை.

அந்தப் பல்லுக்குப் பிறகு அவள் மேசையிலிருந்த கண்ணாடிக் குண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒளித்துவைத்தாள். பூச்சாடி ஒன்று ஓவர்சியரின் தலையில் உடைந்த பிறகு பிளாஸ்டிக் பூச்சாடி வந்தது. நாற்காலி பறந்த பிறகு நாற்காலிகளைச் சங்கிலியால் பிணைத்தார்கள். மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒருவர் விலாவில் குத்திய பிறகு அதைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கினார்கள். கொதிக்கும் டீயை முகத்தில் வீசி ஒருவருக்குக் கன்னத்துத் தோல் உரிந்த பிறகு, அவள் டீயையே திருத்திக்கொண்டாள்.

எந்தக் கூட்டத்தில் அடி விழும் என்று அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். சண்டைக்கு வருகிறவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். மூக்குக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைப்பார். வழக்கமாகச் செருப்போடு வருகிறவர் அன்றைக்கு ஷூ போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டியிருப்பார். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே போவாள். சமாதான நாளென்றால் கண்ணாடி கிளாஸில் ஆவி பறக்கும் டீ, பக்கத்தில் பிஸ்கட். சண்டை நாளென்றால் பேப்பர் கப்பில் ஆறிப்போன டீ, அதுவும் அரை கப்தான்.

நாளடைவில் உறுப்பினர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் தட்டைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். "டீக்கா, இன்னைக்கு பேப்பரா, கண்ணாடியா?" என்று படியேறும்போதே கேட்பார்கள். பேப்பர் என்றால் வயசானவர்கள் கதவோரம் நகர்ந்து உட்காருவார்கள். சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே நழுவிவிடுவார்கள். ஆள் குறைந்தால் அடியும் குறையும். கடந்த ஒரு வருஷமாக அந்தக் கூடத்தில் ரத்தம் சிந்தவே இல்லை.

அதுதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

அவள் நாள்கூலிதான். பணி நிரந்தரம் செய்யச் சொல்லி அவள் பெயர் இரண்டு முறை அஜெண்டாவில் கடைசிப் பொருளாக வந்தது. இரண்டு முறையும் கூட்டம் சாதுவாக நடந்தது. இரண்டு முறையும் லாரிக்காரர் எழுந்து, வெல்லம் போட்ட குரலில், "இதை ஒத்திவைக்கலாமே, என்ன அவசரம்?" என்றார். தலைவருக்கு யாரையும் பகைத்துக்கொள்ளத் தெம்பில்லை. ஒத்திவைத்தார். லாரிக்காரரின் மச்சான் கேன்டீன் காண்ட்ராக்ட் எடுக்கக் காத்திருக்கிறார் என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அடுத்த மாதம் டீக்கா நிரந்தரத்துக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இந்த மாதக் கூட்டத்தில் நடக்காவிட்டால் பிறகு எப்போதும் நடக்காது. மச்சான் வருவார், இவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் அவள் கணவர் கறிக்கடையில் வெட்டுபவர். வெட்டியவர் என்று சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் இடது கையில் பிடித்த கத்தி எலும்பில் வழுக்கி வலது கையின் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. முதலாளி நல்ல மனுஷர், விரட்டவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார். இப்போது கல்மேடையைக் கழுவி, ரத்தத்தை வாளியில் வழித்து ஊற்றுவதுதான் அவர் வேலை.

"நான் எவ்வளவு வருஷம் வெட்டியிருக்கேன், ஒரு சத்தம் கேட்டிருப்பியா? உங்க ஆளுங்க ஒரு சாக்கடை மூடிக்கு எவ்வளவு கத்தறாங்க" என்பார், சோற்றைப் பிசையத் தெரியாமல் மூன்று விரலால் தடுமாறிக்கொண்டே.

மன்றத்து மைக்காரன் அவருடைய தம்பி, டீக்காவுக்குக் கொழுந்தன். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். கூடத்தின் மூலையில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்து, யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதை ஒரு குமிழைத் திருகி நடத்துவான். காது அவ்வளவு கூர்மை. எந்த ஒயரில் இரைச்சல் என்று கூடத்தின் மறுகோடியிலிருந்தே சொல்லிவிடுவான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் டீ அறைக்கு வந்தவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"கதை முடிஞ்சுது அண்ணி. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஏலத்துல ரெண்டு பேரும் கை குலுக்கிட்டாங்களாம். நாளைக்கு எல்லாம் பூ மாதிரி நடக்கும். உங்கள பூ மாதிரி ஒத்திவைப்பாங்க."

"யார்கிட்டயாவது சொல்லிப் பாக்க முடியாதா தம்பி?"

"யார்கிட்ட சொல்ல? பழைய மாதிரி அடிச்சுக்கிட்டாங்கன்னா நீங்க தப்பிச்சீங்க. நெனப்பிருக்கா? மண்டை உடைஞ்சதும் தலைவர் என்ன பண்ணுவாரு? மைக்கைப் புடிச்சு, 'எல்லாத் தீர்மானமும் ஒருமனதா நிறைவேறியது'ன்னுட்டு பின்வாசல் வழியா ஒரே ஓட்டம். மைக்குல வந்தா அது தீர்மானம், வராட்டி வெறும் கூச்சல். மினிட்ஸுல அப்படித்தான் ஏறும்." பிறகு சிரித்தான். "உங்க ஆறின டீயாலதான் சண்டையே செத்துப்போச்சு. உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிரவு கணவருக்குச் சோற்றைப் பிசைந்து வைக்கும்போது அந்தப் பேச்சு அவள் கையோடு சேர்ந்து பிசைபட்டது.

மறுநாள் காலையில் கண்ணாடி கிளாஸ்களைக் கழுவித் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். பிஸ்கட்டைப் பிரித்து வைத்தாள். வாசலுக்கு வந்து பார்த்தாள். லாரிக்காரர் செருப்போடு வந்தார். கடிகாரம் கையில் மின்னியது. மருந்துக்கடைக்காரர் கட்டிய பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவர் தோளில் கைபோட்டார். கல்யாண வீட்டுச் சம்பந்திகள் கெட்டார்கள்.

டீக்கா திரும்பி உள்ளே போனாள். கிளாஸ்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பேப்பர் கப்புகளை அடுக்கினாள். டீயை வாளித் தண்ணீரில் வைத்து ஆற்றினாள். பேப்பர் கப்பால் யாருக்கும் காயம் படாது, வாய்ச்சண்டை முற்றி நாலு சட்டை கிழிந்தால் போதும் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்தால்தான் ஊற்ற முடிந்தது.

தலைவர் மூன்றாவது பொருளைப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் தட்டோடு நடைபாதையில் இறங்கினாள். முதல் கப்பை லாரிக்காரர் முன் வைத்தாள். அவர் கப்பைப் பார்த்தார். அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது.

"என்ன டீக்கா இது?"

"டீங்க."

"அது தெரியுது. ஏன் பேப்பர்ல?"

அவள் சுவர்ப் பக்கம் போய் மருந்துக்கடைக்காரர் முன்னும் ஒன்றை வைத்தாள். அவர் கப்பைப் பார்த்துவிட்டு எதிர்வரிசையைப் பார்த்தார். எதிர்வரிசை ஏற்கெனவே இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் தெருவிளக்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டே போனார். ஒருவர் காதிலும் ஏறவில்லை. லாரிக்காரர் மெதுவாகக் கடிகாரத்தைக் கழற்றினார். அதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து கை குலுக்கும்போதே நெனச்சேன்யா" என்றார் லாரிக்காரர், எழுந்தபடி. "ஆள் செட் பண்ணிட்டுத்தான் வந்திருக்கே."

"நானா? டீக்காரம்மாவுக்கே தெரிஞ்சிருக்கு நீ என்ன திட்டத்தோட வந்தேன்னு!"

"ஒரு பல்லுதான் போச்சுன்னு துள்றியா?"

"உக்காருங்க, உக்காருங்க, தெருவிளக்கு பாக்கி இருக்கு" என்றார் தலைவர்.

யார் முதலில் அடித்தது என்று பிறகு விசாரணையில் கூடத் தெரியவில்லை. நடைபாதை இல்லாமல் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தது. சங்கிலியால் கட்டிய நாற்காலி வரிசை மொத்தமாகக் கவிழ்ந்து, நாலைந்து பேரின் கால்கள் அதற்குள் மாட்டிக்கொண்டன. மாட்டியவர்களின் முகத்தில் மற்றவர்கள் சாவகாசமாகக் குத்தினார்கள். தையல் பள்ளி நடத்தும் உறுப்பினர் அம்மா, ஓர் ஆளின் முன்கையைக் கடித்துப் பிடித்தவர், அந்த ஆள் அலறியும் விடவில்லை. ஒருவர் தலையைப் பிடித்து இன்னொருவர் மேசை விளிம்பில் மோதினார். தேங்காய் உடைபடும் சத்தம். பேப்பர் கப்புகள் காலடியில் நசுங்கின. ஆறின டீயும் ரத்தமும் கலந்து தரை வழுக்கியது, வழுக்கி விழுந்தவனை மிதித்துக்கொண்டு அடுத்தவன் போனான். டீக்கா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். அவள் கண் தலைவர் மேலேயே இருந்தது. சொல்லு, சொல்லு, சொல்லிட்டு ஓடு.

தலைவர் மேசைக்கு அடியில் போய்விட்டார்.

அப்போதுதான் கொழுந்தன் மூலையிலிருந்து பாய்ந்து வருவதைப் பார்த்தாள். ஸ்டாண்டிலிருந்து மைக்கைப் பிடுங்கி, ஒயரை இழுத்துக்கொண்டு, மண்டியிட்டு அதை மேசைக்கு அடியில் நீட்டினான். கூடத்தின் ஒலிபெருக்கிகளில் அவன் மூச்சிரைப்பு கேட்டது.

"சொல்லுங்க சார். எல்லாம் நிறைவேறுச்சுன்னு சொல்லுங்க. சீக்கிரம்."

லாரிக்காரருக்கு அது கேட்டது. கைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடியவர் மைக் ஸ்டாண்டைப் பற்றி இழுத்தார். தரையோடு போல்ட் போட்டிருந்த இரும்பு அது. வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்குவது போலச் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. அதை இரண்டு கையாலும் ஓங்கினார்.

"எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக..." என்று தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் நடுங்கியது. பிறகு மட்டென்று ஒரு சத்தம். அந்தச் சத்தமும் மைக்கில் வந்தது. அதன் பின்னாலேயே, "...நிறைவேறியது."

மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொழுந்தனின் தலையில், இடது காதின் மேலேயே விழுந்திருந்தது அடி. காது மடல் பாதி கிழிந்து தொங்கியது. அவன் மைக்கை மட்டும் விடவில்லை. டீக்கா தட்டை வீசிவிட்டு ஓடினாள். புடவைத் தலைப்பைச் சுருட்டி அவன் காதோடு வைத்து அழுத்தினாள். துணி நனைந்து, அவள் உள்ளங்கை நனைந்து, முழங்கை வரைக்கும் சூடாக வழிந்தது.

"வந்துச்சா அண்ணி? மைக்குல வந்துச்சா?" என்றான்.

"வந்துச்சு தம்பி. பேசாத. வந்துச்சு."

பணி நிரந்தர ஆணை தபாலில் வந்தபோது கொழுந்தன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தான். இடது காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரிக்காரர் ஒரு கூட்டத்துக்கு மட்டும் தடை செய்யப்பட்டார். அந்தத் தடையும் ஒருமனதாகத்தான் நிறைவேறியது.

ஆணையைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கா அவன் வீட்டுக்குப் போனாள். ஓரகத்தி அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். வா என்று சொல்லவில்லை. டீக்கா அவனுடைய கேட்கிற காதின் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, அன்னைக்கு அவங்க சண்டைக்கு வரல. நான்தான்..."

"தெரியும் அண்ணி."

அவள் நிமிர்ந்தாள்.

"காலையில தண்ணி குடிக்க வந்தேன். கிளாஸெல்லாம் பளபளன்னு தட்டுல இருந்துச்சு. கூட்டத்துல பாத்தா பேப்பர் கப். அப்பவே புரிஞ்சுபோச்சு. தலைவர் மைக்குகிட்ட வர மாட்டாரு, மைக்கைத்தான் அவர்கிட்ட கொண்டுபோகணும்னு ஸ்டாண்டைச் சாய்க்கப் போனேன். அசையல." கட்டுப்போட்ட தலையைத் தடவிக்கொண்டான். "நீங்க கப் குடுத்துக்கிட்டு வரும்போது குனிஞ்சு போல்ட்டைக் கழட்டினேன். எல்லாத்தையும் கழட்டிட்டேன். மைக்கை மட்டும் எடுத்திருக்கலாம். அவசரத்துல புத்தி போகல."

அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான், தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னான்:

"அவகிட்ட சொல்லிராதீங்க. இனிமே அவ திட்டுறதுல பாதிதான் எனக்குக் கேக்கும், அந்த நிம்மதியையும் கெடுத்துறாதீங்க."

அடுத்த கூட்டத்தன்று டீக்கா எல்லோருக்கும் முன்னால் வந்தாள். ஓவர்சியரிடம் ஸ்பேனர் வாங்கிக்கொண்டு மைக் ஸ்டாண்டின் அடியில் உட்கார்ந்து, கை சிவக்கும் வரை போல்ட்டுகளை முறுக்கினாள். தரையின் இடுக்குகளில் கறுப்பாகக் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினாள். முழுதும் போகவில்லை.

கொழுந்தன் வந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். குமிழை ஏற்றினான், இறக்கினான். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்குப் பிடிபடவில்லை.

"அண்ணி, கடைசி வரிசைக்குப் போய் நில்லுங்க. ஹலோ, ஹலோ. கேக்குதா?"

"கேக்குது தம்பி" என்றாள், கடைசி வரிசைக்குப் போய் நின்று.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஹலோ. கேக்குதா?"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள்.